பின்கட்டுக் குழாயை மூடினேன்

அந்தச் சமையக்காரர் ஜீப்பை விட்டு இறங்கினப்பவே எனக்குப் பிடிக்கல. கையில ஒரு பெரிய பித்தளை உருளி, வாய் நெறையச் சிரிப்பு. விருந்துக்கு வந்த மாதிரி.

எண்பதுகள்ல கொடைக்கானல்ல ஒரு அரசாங்க பங்களாவுல நான் சமையலுக்கு இருந்தேன். எட்டு வருசமாத் தற்காலிகம். அந்த மே மாசம் நம்ம எஞ்சினியர்களும் கேரளத்து எஞ்சினியர்களும் ரெண்டு நாள் அங்க உக்காந்து பேசறதா ஏற்பாடு. அவங்க மலையில பொறந்து நம்ம வயலுக்கு எறங்கி வர்ற ஒரு ஆத்துல, மேல அவங்க தடுப்பு கட்டப்போறாங்கன்னு தகராறு. எங்க ஆபீசர் முதநாளே என்னைக் கூப்பிட்டார். "கூட்டம் நல்லபடியா முடியட்டும்ப்பா. உன்னைப் பர்மனென்ட் பண்ற ஃபைல் என் மேசையிலதான் கெடக்கு. சாப்பாட்டுல ஒரு குறை வரக்கூடாது"ன்னார். ரெண்டு பொம்பளப் பிள்ளைகளை வெச்சிருக்கவன் நான். அந்த ஒரு கையெழுத்தை நம்பித்தான் எங்க வீடு இருந்துச்சு.

கேரளத்துப் பெரிய ஆபீசருக்கு வயித்துப் புண்ணாம். கஞ்சி வெக்கச் சொந்தச் சமையக்காரரைக் கையோட கூட்டியாந்துட்டார். அம்பது வயசிருக்கும், தேவிகுளம் பக்கம், தமிழ் நல்லாவே பேசுவார். பின்கட்டு வெறகு ஷெட்டுல அடுப்பு போட்டுக் குடுத்தேன். கஞ்சியோட நிக்க வேண்டியதுதானே? மதியத்துக்குப் புளிசேரின்னு ஒரு மோர்க்குழம்பை வெச்சு எல்லாருக்கும் அனுப்பிட்டார். எங்க ஆபீசர் ரெண்டாவது தடவை கேட்டு வாங்கி ஊத்திக்கிட்டார். எட்டு வருசத்துல என் குழம்பை ஒரு நாள் மறுபடி கேட்டிருப்பாரா அந்த மனுசன்? "இதையெல்லாம் பாத்துக் கத்துக்கப்பா"ன்னு வேற சொன்னார். எனக்கு வயிறு பத்தி எரிஞ்சுச்சு. என் வேலையையே அந்த ஆளுக்குத் தூக்கிக் குடுத்துருவாரோன்னுகூட நெனச்சேன். கிறுக்குத்தனம்தான். பொறாமை வந்தவனுக்கு அறிவு எங்க இருக்கும்?

மறுநாள் வெள்ளனே எந்திரிச்சு மேட்டுல இருந்த தண்ணி டேங்குக்குப் போனேன். ஷெட்டுக்குப் போற வால்வை மூடி, அதைத் திருகற சாவியை இடுப்புல சொருகிக்கிட்டேன். டேங்க் நெறஞ்சு வழிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. கொஞ்ச நேரத்துல அவர் வந்து, "தம்பி, குழாய்ல தண்ணி வரலியே"ன்னார்.

"சீசன்ல இங்க அப்படித்தாங்க. டேங்க் காலி"ன்னேன்.

என்னை ஒரு பார்வை பாத்தார். பொறவு ரெண்டு வாளியத் தூக்கிக்கிட்டுப் பள்ளத்து ஊத்துக்கு நடந்தார். அந்த ஏத்தத்துல மூச்சு வாங்க அவர் திரும்பி வர்றதைச் சன்னல் வழியாப் பாத்தேன். பாவமா இருந்துச்சான்னு கேட்டா, இல்ல. எவ்வளவு சிந்திருச்சுன்னுதான் பாத்தேன்.

டீ கொண்டு போனப்ப ஹால்ல ஒரே சத்தம். எங்க ஆபீசர் மேசையத் தட்டி, "மேல இருக்கவங்க அடைச்சா கீழ இருக்கவன் என்ன செய்வான்? மனசாட்சி வேணாமா?"ன்னார். நல்லாக் கேட்டீங்க சார்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டுப் பிஸ்கட் தட்டை நீட்டினேன். சாவி இடுப்புலதான் இருந்துச்சு. அப்பக்கூட எனக்கு உறைக்கல.

மதியம் கஞ்சி மட்டுந்தான் ஷெட்டுலேர்ந்து வந்துச்சு. மத்ததெல்லாம் என் சமையல். எங்க ஆபீசர் ஒரு வாய் சாப்பிட்டுட்டு, "நேத்து வெச்ச மோர்க்குழம்பு எங்க?"ன்னார். அந்தச் சமையக்காரரையே கூப்பிட்டுக் கேட்டாங்க. குழாயை இவன் மூடிட்டான்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், என் ஃபைல் குப்பைக்குப் போயிரும்.

அவர் துண்டுல கையைத் தொடச்சுக்கிட்டு, "இன்னிக்குத் தண்ணி கம்மி சார். ரெண்டு அடுப்புக்குப் பத்தாது. தம்பி சமையல் நடக்கட்டும்னு நான் விட்டுக்குடுத்துட்டேன்"ன்னார்.

அவங்க பெரிய ஆபீசர் கஞ்சியைக் கீழ வெச்சுட்டுச் சிரிச்சார். "பாத்தீங்களா சார், எங்க ஆளு தண்ணி விட்டுக்குடுக்கறான். எங்களைப் போயி மனசாட்சி இல்லாதவங்கன்றீங்களே!" காலையிலேர்ந்து உறுமிக்கிட்டிருந்த எங்க ஆபீசரும் சிரிச்சுட்டார். சாப்பாட்டுக்கு அப்புறம் பேச்சு இளகி, அடுத்த கூட்டம் வரைக்கும் தடுப்பு வேலை கெடயாதுன்னு எழுதிக்கிட்டாங்க.

நான் நேரா ஷெட்டுக்குப் போய், "ஏங்க அப்படிச் சொன்னீங்க?"ன்னு எரிஞ்சு விழுந்தேன்.

"டேங்க் வழியறதைக் காலையிலேயே பாத்துட்டேன் தம்பி. நான் நாளைக்கு ஊருக்குப் போயிருவேன். உங்களுக்கு இங்கதானே பொழப்பு?"ன்னார். குரல்ல கொஞ்சங்கூடக் கோவம் இல்ல. கோவப்பட்டிருந்தா நிம்மதியாச் சண்டை போட்டிருப்பேன்.

சில மாசத்துல பர்மனென்ட் ஆர்டர் வந்துச்சு. வீட்டுக்காரி அதை மாதா படத்துக்கு முன்னாடி வெச்சு, "உங்க கைப்பக்குவத்துக்குக் கெடைச்சதுங்க"ன்னு கண்ணு கலங்கினா. ஆமான்னுட்டேன். இன்னிய வரைக்கும் அவளுக்கு வேற ஒண்ணும் தெரியாது. ஆர்டர்ல கையெழுத்து எங்க ஆபீசரோடது, வேலையைக் குடுத்தது அந்த ஆளு. அவரை நெனச்சா நன்றி வரணும். எனக்கு இன்னும் வயித்தெரிச்சல்தான் வருது.