கால் தூக்காத நடனம்

வெள்ளி, பிற்பகல் 3.40

பலெர்மோ விமான நிலையத்திலிருந்து நகருக்கு முப்பத்தைந்து கிலோமீற்றர். ரயிலில் ஆறு யூரோ எண்பது சதம். ஏறத்தாழ ஒரு மணி நேரம். இடப்பக்கம் கடல், வலப்பக்கம் மலை. நடுவில், பெட்டியைக் கால்களுக்கிடையில் இறுக்கிப் பிடித்தபடி இரண்டையும் பார்க்கத் தவறிய நான்.

நகரின் மத்திய ரயில் நிலையமான ஸ்தாசியோனே சென்ட்ராலேயில் அந்தோனி காத்து நின்றான். என் சித்தியின் மகள் ரீட்டாவின் கணவன்; மன்னார்க்காரன்; பத்தொன்பது வருடமாக ஒரு சிஞ்ஞோரா எசமானியின் வீட்டில் பளிங்குத் தரை துடைப்பவன்.

"வாங்கோ மச்சான். நல்ல நேரத்திலை வந்தியள். உங்கடை தங்கச்சிக்குக் கொஞ்சம் புத்தி சொல்லுங்கோ."

ஞாயிற்றுக்கிழமை அவர்களின் கல்யாண வெள்ளிவிழா. என்ன வேண்டும் என்று கேட்டிருக்கிறான். சங்கிலி கேட்பாள் என்று நினைத்தவனிடம், ஒரு பாட்டுக்குத் தன்னோடு ஆடச் சொல்லியிருக்கிறாள். ஃபொஹோ. பிரேசிலின் வடகிழக்கில் ஊர்த் திருவிழாக்களில் சோடியாக ஆடுவது. அதை ரீட்டாவுக்கும் இன்னும் சிலருக்கும் ஞாயிறுதோறும் மாதா கோவில் மண்டபத்தில் லூசியானா என்ற பிரேசில்காரி சொல்லிக்கொடுக்கிறாளாம். அவளும் ஒரு வீட்டில் வேலைக்காரிதான்.

"ரீவியிலை பாத்தனான் மச்சான். அதுக்குப் பிறகுதான் பயம்."

மாலை 6.00

அந்தோனி தன் வீட்டிலும் கால் தூக்கி நடப்பதில்லை. பாதங்களுக்கு அடியில் இரண்டு கம்பளித் துண்டுகள். வழுக்கிக்கொண்டே அடுப்படிக்குப் போய் வருவான். போகிற வழியில் தரையும் துலங்கிவிடும். எனக்கும் ஒரு சோடி தந்தான். மூன்றாவது அடியில் சோபாவைக் கட்டிப்பிடித்தேன்.

பிறகு தொலைபேசியில் அந்த நடனப் போட்டியைக் காட்டினான். புகை. எண்ணெய் பூசிய ஓர் இளைஞன். மயில்கூட வெட்கப்படும் அளவு இறகு கட்டிய ஒரு பெண் ஓடி வந்து பறந்தாள்; அவன் தலைக்கு மேல் ஏந்திச் சுழற்றினான். நடுவர் ஒருவர் அழுதார். அக்கார்டியன்காரர் ஒரு கணம் மூலையில் தெரிந்தார்.

"ரீட்டா எழுபத்தெட்டுக் கிலோ," என்றான் அந்தோனி தாழ்ந்த குரலில். "எனக்கு முதுகிலை டிஸ்க்."

நாட்டுப்புற நடனங்களைப் பற்றி எப்போதோ இரண்டு புத்தகங்கள் படித்திருந்தேன். இரண்டிலும் வரலாறுதான் இருந்தது. காலை எங்கே வைப்பதென்று இல்லை. ஆனாலும் அறிஞனாக மௌனம் காக்க முடியவில்லை. "ஆணின் தோள்வலிமைதான் இதற்கு அடிப்படை," என்றேன்.

அந்தோனி அன்று சரியாகச் சாப்பிடவில்லை.

சனி, காலை 9.30

பல்லரோ சந்தையில் ரீட்டா மத்தி மீனைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள்.

"அண்ணை, நீங்கள் என்னத்தைக் கதைச்சனீங்கள்? மனுசன் வரமாட்டன் எண்டு நிக்குது."

"நடனத்தைப் பற்றிக் கொஞ்சம்..."

"உங்கடை படிப்பை ரெண்டு நாளைக்குப் பெட்டிக்கை பூட்டி வையுங்கோ." மீனைக் கீழே போட்டாள். "இருவத்தைஞ்சு வருசத்திலை அந்தாள் நாலு பேருக்கு முன்னாலை என்ரை கையைப் பிடிச்சது ரெண்டே தரம். ஒண்டு கல்யாணத்திலை. மற்றது பெர்மெஸ்ஸோ விசா எடுக்க குவெஸ்தூராப் பொலிசிலை தள்ளுப்படேக்கை. மூண்டாந்தரம் கேக்கிறது பிழையே?"

பிழையில்லை என்றேன். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. பயணத்தில் நான் செய்த முதல் நல்ல காரியம்.

ஞாயிறு, பிற்பகல் 4.00

"பாக்க மட்டும் வாறன்," என்று அந்தோனி வந்தான். மண்டபத்தில் இறகு இல்லை, புகை இல்லை. இரப்பர்ச் செருப்போடு, ஐம்பது வயது லூசியானா. ஒலிபெருக்கியில் அக்கார்டியனும் முரசும் இரும்பு முக்கோணமும். ரீட்டா ஒரு மீன் வியாபாரியோடு ஆடிக்கொண்டே கதவருகே நின்ற புருஷனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

தரையில் யாரோ தோடம்பழச் சாற்றைக் கொட்டியிருந்தார்கள். பத்தொன்பது வருடப் பழக்கம்; பார்த்துக்கொண்டு நிற்க முடியுமா? மூலையில் கிடந்த இரண்டு துணிகளைக் காலடியில் போட்டான். முழங்காலை மெல்ல மடித்தான். வலப்பக்கம் இரண்டு இழுப்பு. இடப்பக்கம் இரண்டு இழுப்பு. பாட்டு அவன் காதில் விழுந்ததோ என்னவோ, இடுப்பில் விழுந்தது.

லூசியானா கைதட்டி எல்லோரையும் நிறுத்தினாள். இத்தாலிய மொழியில் ஏதோ கத்தினாள். ரீட்டா சிரித்துக்கொண்டே எனக்காகத் தமிழாக்கினாள்: "ஆறு மாசமா இதைத்தானாம் எங்களுக்குப் படிப்பிக்கிறா. ரெண்டு அங்கை, ரெண்டு இஞ்சை!"

"தூக்கிறது?" என்றான் அந்தோனி.

"ஒருத்தரும் ஒருத்தரையும் தூக்கிறேல்லை," என்றாள் ரீட்டா.

"எண்டா ரீவியிலை?"

லூசியானாவின் பதிலையும் ரீட்டாதான் சொன்னாள். ரீவிக்குக் கமரா நுழைய இடம் வேண்டுமாம். அதனால்தான் சோடியைப் பிரித்துப் பறக்கவிடுகிறார்களாம். உண்மையான ஆட்டத்தில் இருவருக்கும் நடுவே அந்த இடம் இல்லையாம்.

ரீட்டா அவன் முன்னால் போய் நின்றாள்.

"பொறும், துணியைக் கழட்டிப்போட்டு..."

"கழட்டாதேங்கோ."

கழற்றவில்லை. பார்ப்பதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை: நடுத்தர வயதுக்காரர் இருவர், கண்ணை மூடிக்கொண்டு, ஒரு சதுர மீற்றர் தரையைத் துலக்கினார்கள். ஒரு பாட்டுத்தான் கேட்டிருந்தாள். ஐந்து ஓடின. எனக்கு வாய்த்த சோடி ஓர் ஓய்வுபெற்ற தாதி. இரண்டாவது பாட்டிலேயே என்னை உட்காரவைத்து நாடி பார்த்தாள்.

திங்கள், காலை 7.15

ரயில் நிலையத்துக்கு இருவரும் வந்தார்கள். துடைக்க அவளுக்கு ஒரு வீடு, அவனுக்கு ஒரு வீடு. நகரின் எதிரெதிர்ப் பக்கத்தில் வேலை. ரயில் நகர்ந்தபோது பார்த்தேன். சனம் நெரிந்த மேடையில், நெரிசல் அறவே இல்லாத மூலையில் நின்றுகொண்டு, அந்தோனி அவள் கையைப் பிடித்திருந்தான்.

ஊர் திரும்பிய பின், வெள்ளவத்தையில் என் வீட்டுத் தொலைக்காட்சியிலும் ஒரு நடனப் போட்டி. புகையும் இறகும் அதேதான். அதை அணைத்துவிட்டு, காலடியில் இரண்டு துணிகளைப் போட்டு, மனைவியிடம் கையை நீட்டினேன். அவள் துணிகளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"முதல்லை கட்டிலுக்குக் கீழை," என்றாள்.

துடைத்துக்கொண்டிருக்கிறேன். மெல்ல மெல்லத்தான் அவளிடம் வந்து சேர வேண்டும்.