குரைத்தவரின் வீடு

சிறுவயதிலிருந்தே ஓநாயாக மாறும் மனிதர்கள்மேல் எனக்குப் பைத்தியம். அவர்களை வைத்துத்தான் மாயக்கதைகள் எழுதிப் பிழைக்கிறேன். எழுமலைப் பக்கம் ஒருவர் நாயாக மாறிச் செத்தார் என்று கேள்விப்பட்டு, இந்த மத்தியான வெயிலில் அவர் வீட்டு வாசலில் நிற்கிறேன். ஆட்டுக்கிடை வலை வேலிமேல் கிடக்கிறது. அவர் மனைவி குட்டிகளுக்கு வேப்பங்குழை கட்டிக்கொண்டிருக்கிறார்.

“கடைசியில் குரைத்தாராமே?” என்று கேட்டுவிடுகிறேன்.

அவர் திரும்பாமலே பேசுகிறார். “நம்ம கிடையில காவலுக்குக் கிடந்த நாய்தாண்ணே கடிச்சுச்சு. எப்பவும்போல பச்சிலை வச்சுக் கட்டுனோம். ஊசி போடல. கொஞ்ச நாள் கழிச்சு, தண்ணி தண்ணின்னு கேட்டாரு. சொம்பைப் பாத்தாலே தொண்டை இழுத்துக்கிரும். அந்தச் சத்தத்தத்தான் குரைச்சாருன்னு ஊரே சொல்லுது.”

அன்று பௌர்ணமியா என்று அடுத்துக் கேட்பதாக இருந்தேன்.

அவர் உள்ளே போய், சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டுகிறார். “வெயில்ல வந்திருக்கீக. குடிங்க.”

குடிக்கிறேன். தண்ணீர் என் தொண்டையில் இறங்குவதையே அவர் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.