மாமா தோண்டிய ஸ்டேஷன்

என் மாமா, அம்மாவின் தம்பி, சென்னையில் மெட்ரோ ரயிலுக்காகத் தரைக்கடியில் ஒரு ஸ்டேஷன் கட்டும் வேலையில் சூப்பர்வைசராக இருந்தார். எங்கள் ஹேடோ குவார்ட்டர்ஸில் அது பெரிய விஷயம். அந்தமானில் ரயிலே கிடையாது. நான் அதுவரை ரயிலைக் கண்ணால் பார்த்ததில்லை. அதனால் மண்ணுக்குள் ரயில் ஓடும் என்பதில் எனக்கு எந்த ஆச்சரியமும் ஏற்படவில்லை. ரயில் என்றாலே அப்படித்தான் போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் நான்காம் வகுப்பில் இருந்தபோது, ஒரு மழைக்காலத்தில் மாமா சொல்லாமல் கொள்ளாமல் கப்பலில் வந்து இறங்கினார். லீவு என்றார். எத்தனை நாள் லீவு என்று அப்பா கேட்டதும் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார்.

எனக்குக் கொண்டாட்டம். ஸ்டேஷனை எப்படிக் கட்டுவார்கள் என்று கேட்டேன். வாயால் சொன்னால் புரியாது என்று கொல்லையில் கட்டியே காட்டினார். முதலில் குறுகலான, ஆழமான பள்ளங்கள். அவை இடிந்துவிடாமல் இருக்க உள்ளே சேற்றுக் குழம்பு. அதற்குள் சுவர். எங்கள் ஸ்டேஷனுக்குச் சுவர், சாத்தம் மரம் அறுக்கும் மில்லிலிருந்து விறகுக்கு வாங்கி வைத்திருந்த பலகைத் துண்டுகள். சுவர் நின்றதும் கூரை.

"வீட்டுக்குக் கூரை கடைசியிலதானே மாமா?"

"இது வீடு இல்ல மருமகளே. மேல ரோடு ஓடணும், பஸ் போகணும். முதல்ல கூரையப் போட்டு ரோட்டை ஊருக்குக் குடுத்திடணும். அப்புறம் அடியில நாம எவ்வளவு தோண்டினாலும் எவனும் கேக்க மாட்டான்."

கூரைப் பலகை மேல் மண்ணைப் பரப்பி நான் பொம்மை லாரி ஓட்டினேன். ஓரத்தில் விட்ட துளை வழியாக மாமா கரண்டியால் அடிமண்ணை அள்ளினார். இன்று இப்படிப்பட்ட கட்டுமானங்களின் வரைபடங்களைச் சரிபார்ப்பதுதான் என் வேலை. மாமா சொன்ன வரிசையில் ஒரு பிழையும் இல்லை.

அப்படி அள்ளிக்கொண்டிருந்த ஒரு மதியம் தரை ஆடியது. சின்ன ஆட்டம்தான். அதற்கு எங்கள் ஊரில் ஒரு பழக்கம் உண்டு. கைவேலையை விட்டு வெளியே வருவது, மின்கம்பி ஆடுகிறதா என்று பார்ப்பது, பக்கத்து வீட்டாரோடு ஒரு வார்த்தை பேசிவிட்டு உள்ளே போவது. பக்கத்து வீட்டு வங்காளி ஆன்ட்டி டீ கிளாசோடு வெளியே வந்து நின்றார். மாமா மட்டும் என்னைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு மேட்டுச் சாலையில் ஓடினார்.

"அரே, கஹா பாக் ரஹே ஹோ? சாய் தோ பீ லோ!" எங்கே ஓடுகிறாய், டீயாவது குடித்துவிட்டுப் போ என்று ஆன்ட்டி இந்தியில் சொல்லிச் சிரிப்பது பின்னால் கேட்டது.

மேட்டின் உச்சிக்கு வந்த பிறகும் மாமா என்னை இறக்கிவிடவில்லை. இருட்டத் தொடங்கிய பிறகே கீழே வந்தோம்.

"சுனாமிக்கு ஓட ஆரம்பிச்சவன், இன்னும் நிக்கல" என்றார் அப்பா, சாப்பாட்டில் கை வைத்தபடி. "அங்க மிஷினுக்கு ஓடினான். இங்க பூமிக்கு ஓடறான்."

"சும்மா இருங்க" என்றாள் அம்மா.

சென்னையில் நடந்தது அப்பாவின் காதுக்கு எப்படியோ எட்டியிருந்தது; எங்களுக்கு விஷயம் அப்போதுதான் தெரிந்தது. சுரங்கம் குடையும் இயந்திரம் மண்ணுக்குள்ளேயே வந்து ஸ்டேஷன் சுவரை உடைத்துக்கொண்டு தலைநீட்டும் நாள். கைதட்டுவதற்காகக் கீழே எல்லோரும் கூடியிருந்தார்கள். தரை அதிர்ந்ததும் மாமா, "பூகம்பம், மேல ஓடுங்க" என்று கத்திக்கொண்டு படியேறியிருக்கிறார். புதிதாக வந்திருந்த ஆட்கள் அவர் பின்னால் முண்டியடித்ததில் ஒருவருக்குக் கால் முறிந்துவிட்டது.

"மிஷின் வரும்னு உனக்குத் தெரியாதா தம்பி?" என்று அம்மா கேட்டாள்.

"போர்டுல டைம் எழுதிப் போட்டதே நான்தான்க்கா" என்றார் மாமா.

நான் சிரித்துவிட்டேன். வேறு யாரும் சிரிக்கவில்லை.

வேலை போகவில்லை. உடனே வந்து சேரச் சொல்லி போன் வந்தது. மாமா போக மாட்டேன் என்று சொல்லவில்லை. வயிறு சரியில்லை என்றார், கடல் சரியில்லை என்றார். மெயின்லேண்டில் கிடைத்த நல்ல வேலையைப் பயந்து விட்டுவந்தவன் என்று ஊர் பேசுமே என்று அப்பா தானே போய் கப்பல் டிக்கெட் எடுத்துவந்துவிட்டார்.

துறைமுக ஜெட்டி வாசலில் அம்மா என்னைத் தனியாக இழுத்து, கப்பல் ஏறுகிறவர் முன்னால் அழக்கூடாது, பயணத்துக்கு ஆகாது என்றாள். சொன்னதைச் சொன்னபடி செய்கிற பிள்ளை நான். மாமா என் முன்னால் குந்தி உட்கார்ந்தார்.

"மாமா போகட்டுமா?"

"போங்க மாமா."

"நான் போயிட்டா உனக்கு அழுகை வராதா?"

"வராது."

"கொஞ்சங்கூடவா?"

அம்மா சொன்னதை நினைத்துக்கொண்டேன். "சீக்கிரம் போங்க, கப்பல் போயிடும்" என்றேன். அவர் அம்மாவைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், பையைத் தூக்கிக்கொண்டார்.

சென்னை போன மாமா அந்த ஸ்டேஷனுக்குள் ஒருமுறைகூட இறங்கவில்லை என்பது மாதங்கள் கழித்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது. அங்கேயே ஒரு டைல்ஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். ஊருக்கு வர முகம் இல்லை என்று அம்மாவிடம் போனில் சொன்னார். இன்றுவரை வரவும் இல்லை. ஸ்டேஷன் எப்போதோ திறந்தாயிற்று. நான் அங்கே ரயில் ஏறி இறங்கியிருக்கிறேன். மாமா பஸ்ஸில்தான் போகிறார்.

அன்று ஜெட்டியிலிருந்து திரும்பும் வழியெல்லாம், ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் மாமாவை அனுப்பிவைத்தேன் என்று அம்மா என்னை மெச்சிக்கொண்டே வந்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. நான் மட்டும் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஓங்கி அழுதிருந்தால், 'பிள்ளை விடமாட்டேங்குது' என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லி, மாமா பையைக் கீழே வைத்திருப்பார். அதைத்தான் அவர் கேட்டுக்கொண்டிருந்தார் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.