வட்டம் சுற்றுகிறது, கொஞ்சம் பொறுங்கள்

எங்கள் கொமினிகேஷன் கடைத் தொழிலில் வாடிக்கையாளர் ஒரு கண்ணைத் திரையிலும் மறு கண்ணைக் கடைக்காரன் கையிலும் வைத்துக்கொண்டுதான் உட்காருவார். நீங்களும் ஒரு கம்பியூட்டரை வைத்து ஊராருக்கு நோட்டீஸ் அடித்துக் கொடுத்தவராக இருந்தால், உங்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். அதனால் என் மேல் சந்தேகம் கொஞ்சம் கூடுதலாகவே விழுந்தது. பதிலுக்கு நானும் எல்லாரையும் சந்தேகப்பட்டேன்.

சும்மா வந்த லினக்ஸ்

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த ஹட்டனில் என்னோடு கூட்டாகக் கடை நடத்திய செல்வராசு, அதாவது என் தங்கை புருஷன், பிரிந்துபோய் நேர் எதிரே சொந்தக் கடை போட்டான். கம்பியூட்டரை எனக்கு விட்டுவிட்டு, அதற்குள் இருந்ததையெல்லாம் அழித்துவிட்டுப் போனான். கைதவறி அழிந்தது என்றான். நான் இன்றுவரை நம்பவில்லை. தாய்மாமன் நான்; அவன் மகள் கல்யாணத்துக்குப் போகவில்லை.

வெறும் பெட்டியாகக் கிடந்ததில், விண்டோஸுக்குப் பதிலாகக் காசில்லாமல் கிடைக்கும் லினக்ஸை ஏற்றித் தந்தவர் ஒரு யாழ்ப்பாணத்து மாஸ்டர். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்தவர். ஒரு சதம் வாங்கவில்லை. எனக்கு அதுதான் உறுத்தியது. "சும்மா குடுக்கிறாங்கன்னா உள்ளுக்கு என்னமோ இருக்கணுமே சேர்?" என்றேன். அவர் சீடியை உறைக்குள் போட்டபடி கேட்டார்: "உங்களிட்டைக் களவெடுக்கிறதுக்கு இந்தக் கடையில என்ன கிடக்குது அண்ணை, சொல்லுங்கோ பாப்பம்?"

ஆளுக்கொரு எழுத்து

அந்தக் காலத்தில் கம்பியூட்டரில் தமிழ் எழுத்து, அதாவது ஃபொன்ட், ஆளுக்கு ஒரு மாதிரி. கோயில் கமிட்டி ஒன்றில் அடித்திருக்கும், தொழிற்சங்க ஆபீஸ் வேறொன்றில் அடித்திருக்கும், டியூசன் வாத்தியார் மூன்றாவது ஒன்றில் அடித்திருப்பார். அவர்கள் கொண்டுவரும் பிளொப்பியில் இருக்கிற எழுத்து என் பெட்டியில் இல்லையென்றால், திரையில் கோழி கிளறியது போலத் தெரியும். உடனே பிளொப்பி ரோட்டைக் கடந்து செல்வராசுவிடம் போய்விடும். இப்படி நாலு பேர் போனால் நான் கடையைப் பூட்டிச் சாவியைக் கட்டடச் சொந்தக்காரரிடம் கொடுக்க வேண்டியதுதான்.

அதனால் யார் எந்த எழுத்தைக் கொண்டுவந்தாலும் அதை வாங்கி உள்ளே போட்டு வைத்தேன். உடைந்த எழுத்து, பாதி எழுத்து, ஒரே எழுத்து இரண்டு பேரில், எதையும் விடவில்லை. எதையும் அழிக்கவுமில்லை. சங்க ஆபீஸ் கிளார்க் மட்டும் நான் அவருடைய பிளொப்பியிலிருந்து எழுத்தை எடுப்பதைப் பார்த்துவிட்டார். "எங்க எழுத்த எடுத்து வச்சுக்கிட்டு, எங்க பேர்ல யாருக்குங்க கடுதாசி அடிக்கப் போறீங்க?"

தலைவர் அழுத்தினார்

அதற்குப் பிறகுதான் பெட்டி படுக்க ஆரம்பித்தது. கம்பியூட்டர் ஒழுங்காகத்தான் எழும்பும். ஆனால் எந்தப் புரோகிராமை அழுத்தினாலும் ஒரு வட்டம் சுற்றும், பிறகு நின்றுவிடும். பால் இல்லாத பிளேன்டி ஒன்றைக் குடித்து முடிக்கும் வரைக்கும் ஒன்றும் வராது. பிறகு, தனக்கு இஷ்டம் வந்த நேரத்தில் திறக்கும்.

நோர்வூட் பக்கத்துத் தோட்டத் தலைவர் மாரிமுத்து, கோயில் திருவிழா நோட்டீஸைத் திருத்த வந்திருந்தார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. "பொறுங்க தலைவரே" என்று சொல்லி நான் திரும்புவதற்குள், மவுஸைப் பிடுங்கி டக்டக்கென்று அழுத்தித் தள்ளிவிட்டார். கொஞ்ச நேரம் வட்டம் மட்டும் சுற்றியது. பிறகு அவர் அழுத்திய ஒவ்வொரு அழுத்துக்கும் ஒன்றாக ஜன்னல் மேல் ஜன்னல் விழுந்து, பெட்டியே விறைத்துவிட்டது. தலைவர் எழுந்தார். பிளொப்பியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எதிர்க்கடையைப் பார்த்து நடந்தபடியே சொன்னார்: "கூப்புட்டப்ப ஒருத்தனும் வரல, இப்ப காலைப் பெரட்டுல பேர் குடுக்க வந்த மாதிரி மொத்தமா வந்து நிக்கிறானுங்க!"

கொழுந்துத் தராசைப் பார்த்த கண்

தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் ராஜேஸ்வரிக்கு மகன் கட்டாரில். அவன் அனுப்பும் ஈமெயிலைப் படிக்க என் கடைக்குத்தான் வருவாள். இன்டர்நெட்டுக்கு நிமிஷக் கணக்கில் காசு. புரோகிராம் திறந்த பிறகுதான் நான் நேரம் எண்ணுவேன். அதை எத்தனை தடவை சொன்னாலும் அவள் ஏற்கவில்லை. வட்டம் சுற்றும்போதெல்லாம் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பாள், பிறகு என்னைப் பார்ப்பாள். கடைசியில் ஒருநாள் கூடைக்குள்ளிருந்து வீட்டு அலாரக் கடிகாரத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள். "என்னம்மா இது, என்மேல நம்பிக்கை இல்லையா?" என்று கேட்டேன். "கொழுந்து நிறுக்கிறப்ப தராசு முள்ளயும் கணக்கப்புள்ள வெரலயும் சேத்துப் பாத்துப் பழகுன கண்ணு அண்ணே இது, எங்கிட்ட வச்சுக்காதீங்க!"

அடுத்த வாரம் அவளும் எதிர்க்கடையில் உட்கார்ந்திருந்தாள்.

பிடிபட்டது

செல்வராசு பெட்டிக்குள் ஏதோ வைத்துவிட்டுப் போயிருக்கிறான் என்று முதலில் நினைத்தேன். பிறகு, சும்மா கொடுத்த மாஸ்டர் மேல் சந்தேகத்தைத் திருப்பினேன். அவரையே கூப்பிட்டு, பின்னால் நின்று அவர் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கறுப்புத் திரையில் என்னவோ தட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். ஒவ்வொரு புரோகிராமும் திறப்பதற்கு முன்னால், நான் சேர்த்து வைத்த எழுத்துகளையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்து வருகிறதாம். உடைந்த எழுத்துகளில் மாட்டிக்கொண்டு இன்னும் திணறுகிறதாம். "கடைக்காரன் கதவைத் திறக்க முதல் ஊரிலுள்ள எல்லாரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டால், எப்ப அண்ணை வியாபாரம் நடக்கிறது?" என்றார்.

இதற்கும் செல்வராசுதான் காரணம். அவன் எதிரே கடை போட்டிருக்காவிட்டால் நான் ஏன் எழுத்து சேர்க்கப் போகிறேன்? மாஸ்டர் தேவையானதை மட்டும் விட்டு, மிச்சத்தைச் சீடிக்கு மாற்றினார். மவுஸிலிருந்து விரலை எடுப்பதற்குள் எல்லாம் திறந்தது.

ஒரு நாள் எதிர்க்கடையில் இடமில்லையென்று ராஜேஸ்வரி திரும்பி வந்தாள். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அழுத்தினேன். பட்டென்று திறந்தது, மகனுடைய ஈமெயிலும் வந்தது. அவள் திரையைப் பார்த்தாள், அலாரத்தைப் பார்த்தாள், கடைசியாக என்னைப் பார்த்தாள். "அப்ப இத்தன நாளும் வேணும்னுதான் இழுத்தடிச்சீங்களாண்ணே?"

மெதுவாகத் திறந்தால் கள்ளன், உடனே திறந்தால் பழைய கள்ளன்: எங்கள் தொழிலில் முன்னேற்றம் என்பது இவ்வளவுதான்.