சாட்சித் துணி

அலுவலகத்தில் அவருக்கு வைத்திருந்த பட்டப்பெயர் புதையல். மக்கும் பை, மக்கும் தட்டு, மக்கும் கரண்டி என்று செய்து, பச்சை இலைப் படம் போட்டு விற்கிற கம்பெனி அது. விற்பதற்கு முன்னால் அதெல்லாம் நிஜமாகவே மக்குகிறதா என்று பார்க்க வேண்டுமே, அதற்குத்தான் புதையல். இருபத்தாறு வருஷமாகப் புதைப்பதும் தோண்டுவதும்தான் அவர் வேலை. இலைப் படத்தை நம்பி ஜனங்கள் நிம்மதியாக வாங்கிப் போகிறார்கள் என்றால், அந்த நிம்மதி இவருடைய நகக்கண்ணில் ஒட்டியிருக்கும் மண்ணிலிருந்து வந்தது.

மண் அறைக்கு ஜன்னல் கிடையாது. நாற்பது பெட்டிகள், உள்ளே ஈரமண், தொட்டால் காய்ச்சல்காரர் நெற்றி மாதிரி ஒரு சூடு. ஒவ்வொரு பெட்டியிலும் சரக்கோடு ஒரு துண்டு வெறும் பருத்தித் துணியையும் புதைப்பார்கள். அதற்குப் பெயர் சாட்சித் துணி. பருத்தி எப்படியும் மக்கியாக வேண்டும். மக்கவில்லை என்றால் மண் செத்துவிட்டது, அந்தச் சோதனை செல்லாது.

மனைவி இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அந்தம்மாள் எதையும் தூக்கிப் போடாதவள். கம்பெனிப் பையை வீட்டுக்குள்ளேயே விடமாட்டாள். "அழுகிப்போறதுக்குன்னே ஒரு சாமானைச் செய்வாங்களா? செஞ்சா உழைக்கணும்" என்பாள். அவள் கையில் கிழிந்த சட்டை கைக்குட்டையாகும், கைக்குட்டை அடுப்படிப் பிடிதுணியாகும். எந்தத் துண்டு கிடைத்தாலும், கைக்கு அகப்பட்ட நூலால் நாலு பக்கமும் ஓரம் மடித்துத் தைத்துவிட்டுத்தான் மறுவேலை. பிசிறு தொங்கினால் அவளுக்குத் தூக்கம் வராது.

அவளுடைய தையல் பெட்டியை மகள் தன் வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டாள். அப்பாவையும் கூட்டிப்போகத்தான் பார்த்தாள். அவர் இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்தடித்தார். கடைசியில், அடுத்த சோதனை தொண்ணூறு நாள், அது முடிந்ததும் வேலையையும் வீட்டையும் விட்டுவிட்டு வருகிறேன் என்று வாக்குக் கொடுத்தார்.

அந்தச் சோதனை தொடங்குகிற அன்று பார்த்துச் சாட்சித் துணி தீர்ந்துபோயிருந்தது. வேறொருவராக இருந்தால் ஸ்டோரில் எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பார்கள். இவர் வீட்டுக்குப் போய், மனைவியின் தலையணை உறையில் நட்டநடுவே உள்ளங்கை அகலத்துக்கு வெட்டி எடுத்து வந்து, பதினேழாம் பெட்டியில் கரண்டிகளோடு புதைத்தார். இது மக்கினால் நானும் கிளம்பிவிடுகிறேன் என்று சொல்லிக்கொண்டார். மக்கக் கூடாது என்றும் ஓர் ஆசை இருந்தது. அதை மண்ணிடம்கூடச் சொல்லவில்லை.

முப்பதாம் நாள் தோண்டினார். கரண்டிகள் பொடிப்பொடியாகியிருந்தன. துணி வெள்ளைவெளேரென்று கிடந்தது. அதன் ஒரு பக்கம் ஓரம் மடித்து நீல நூலால் தைத்திருந்தது. உறையின் தையலோடு சேர்த்து வெட்டியிருப்பேன் என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டார். நடுவில் தையல் ஏது?

அறுபதாம் நாள் கரண்டிகளைக் காணோம். துணியில் இரண்டு பக்கம் முடிந்திருந்தது. பெட்டிக்குப் பூட்டு உண்டு, சாவி அவர் இடுப்பில். பயந்துதான் போனார், இல்லை என்றால் பொய். ஆனாலும் யாரிடமும் மூச்சுவிடவில்லை. மண்ணை மூடிவிட்டு, பெட்டியின் குறிப்பு அட்டையில் சாட்சித் துணிக்கு நேரே 'மக்குகிறது' என்று எழுதினார். இருபத்தாறு வருஷத்தில் அவர் எழுதிய முதல் பொய் அது.

தொண்ணூறாம் நாள் வந்தது. அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமை மகள் வண்டியோடு வருவதாக ஏற்பாடு. காலையில் பெட்டியைத் திறந்தார். மூன்று பக்கம் முடிந்து, நாலாவது பக்கத்தில் பாதி வரைக்கும் அதே சின்னச் சின்னத் தையல். அதற்கு மேல் நூல் இல்லை. மடிப்பு மட்டும் நகத்தால் அழுத்திவிட்டது போல் நின்றது. துணியை மூக்கருகே கொண்டுபோனார். மண் வாசனை இல்லை, அவள் தலைமுடி வாசனை. தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

உட்கார்ந்தபடியே மகளுக்குப் போன் போட்டு, ஞாயிறு வர வேண்டாம் என்றார். சாக்குச் சொல்வதே உங்களுக்கு வேலையாகப் போய்விட்டது என்று அவள் பொரிந்து தள்ளினாள். ஓயும்வரை பேசவிட்டார்.

"உங்கம்மா ஒரு துணி தச்சுக்கிட்டிருக்காம்மா. இன்னும் அரைப் பக்கம் பாக்கி."

அப்பாவுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று அழப்போகிறாள் என நினைத்தார்.

"நீல நூலாப்பா?" என்றாள்.

நிறத்தை அவர் சொல்லவே இல்லை.

"அம்மா பெட்டியில அந்த நூல்கண்டு மூணு மாசமா தேஞ்சுக்கிட்டே வருது. சின்னவதான் எடுத்து விளையாடுறான்னு அவளை அடிச்சுக்கூட வச்சேன். முந்தாநாள் பார்த்தா வெறும் கட்டைதான் இருக்கு." மூச்சை இழுத்து விட்டாள். "புதுசு ஒண்ணு வாங்கி வைக்கட்டுமா?"

புதையல் துணியை மறுபடி சூட்டு மண்ணுக்குள் வைத்து, மேலே மெல்லத் தட்டிக்கொடுத்தார்.

"வாங்கி வைம்மா. முடிச்சதும் நாங்க வந்துடறோம்."