பின்சந்து விளக்குக்கு ஒரு ஓட்டு

குணசுந்தரி பாக்கார் ஆராங்கில் ஒரு தேங்காய்க் கடையில் துருவும் வேலை செய்கிறார். காலை முழுதும் இயந்திரத்தின் முன் நிற்பதால் எப்போது பார்த்தாலும் முழங்கையில் கொஞ்சம் தேங்காய்ப்பூ ஒட்டியிருக்கும். எங்கள் தாமான் குடியிருப்பின் கடைசி வரிசையில், மூலைக்கு இரண்டு வீடு முன்னால் குடியிருக்கிறார். வீடு அவர் கணவர் குழந்தைவேலுவின் பெயரில் இருக்கிறது. வீட்டு வரி ரசீதும் அந்தப் பெயருக்குத்தான் வருகிறது.

குழந்தைவேலு, கூலிம் ஹைடெக் தொழிற்பூங்காவுக்குத் தொழிலாளர்களை ஏற்றிச் செல்லும் வேன் ஓட்டியவர். ஒரு நாள் மாலை வேனை வாசலில் நிறுத்திவிட்டு, ரொட்டி வாங்கி வருவதாகச் சொல்லிப் பின்கதவு வழியாகப் போனார். திரும்பவில்லை. வேன் சாவி மேசைமேல் இருந்தது. அன்று அவர் கடைக்கு வரவே இல்லை என்றார் கடைக்காரர். போலீசில் புகார் கொடுத்தோம். மெர்போக் ஆற்றில் படகு விட்டுத் தேடினார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. ஒன்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. நீதிமன்றத்தில் மனுக் கொடுத்து அவரை இறந்தவராக அறிவிக்கச் சொல்லலாம் என்று ஒரு வழக்கறிஞர் யோசனை சொன்னபோது, குணசுந்தரி எழுந்து வந்துவிட்டார்.

வரிசை வீடுகளுக்குப் பின்பக்கம் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். அதே கம்பிக் கதவு, அதே வாளி, அதே துணிக்கொடி. குணசுந்தரியின் பின்கதவுக்கு நேரே மட்டும் ஒரு விளக்குக் கம்பம் நிற்கிறது. அது எரியாவிட்டால் மறுநாளே என்னிடம் வந்துவிடுவார்.

"கிராணி ஐயா, லைட்டு எரியல. இருட்டுல வந்தா எந்த வீடுன்னு தெரியாது."

யார் வந்தால் என்று நான் கேட்டதில்லை. நகராண்மைக் கழகத்துக்குத் தொலைபேசியில் சொல்வேன். அவர் பின்கதவுக்குத் தாழ்ப்பாள் போடுவதில்லை என்பது அந்த வரிசை முழுவதற்கும் தெரியும்.

என்னைக் கிராணி ஐயா என்று அவர் அழைக்கக் காரணம் உண்டு. மெர்போக் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் நான் கிராணியாக, அதாவது அலுவலக எழுத்தராக இருந்தேன். விடியுமுன் பெரட்டுக் களத்தில் தொழிலாளர்களை வரிசையாக நிறுத்திப் பெயர் வாசிப்பது என் வேலை. குணசுந்தரியும் இப்போது அவருக்கு அடுத்த வீட்டில் இருக்கும் புஷ்பவள்ளியும் அந்தக் களத்தில் நின்றவர்கள்.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. பெயர் வாசிக்கும்போது ஒருவர் வந்து சேரவில்லை என்றால், வரிசையில் நிற்கும் வேறொருவர் "ஆள் இருக்கு" என்பார். அதைப் பொய் என்று யாரும் நினைத்ததில்லை. அப்படிச் சொன்னவர், வராதவர் வந்து சேரும்வரை அவருடைய மரங்களையும் சேர்த்துச் சீவ வேண்டும். அந்தப் பாரத்தை நான் எடுத்துக்கொள்கிறேன் என்பதுதான் அந்தச் சொல்லுக்குப் பொருள். நானும் வந்தவர் என்றே பதிந்துகொள்வேன்.

தோட்டம் துண்டு துண்டாக விற்கப்பட்ட பிறகு எங்களில் பலர் இந்தத் தாமானுக்கு வந்தோம். இங்கே குடியிருப்பாளர் சங்கத்துக்கு நான் செயலாளர்.

இந்த ஆண்டு நகராண்மைக் கழகத்திலிருந்து கடிதம் வந்தது. செலவுக்குப் பணம் போதவில்லை. வீட்டு வரியைக் கூட்ட நாங்கள் சம்மதிக்கலாம். இல்லையென்றால் பின்சந்து விளக்குகளை அணைத்துவிடுவார்கள். கால்வாய் அள்ளுவதும் புல் வெட்டுவதும் பாதியாகக் குறையும். குடியிருப்பாளர்களே கூடிப் பேசி முடிவு சொல்ல வேண்டும். இரண்டு பக்கமும் சமமாக நின்றால் குறைப்புதான். வீட்டுக்கு ஒரு ஓட்டு, அதுவும் உரிமையாளருக்கு. அவர் வெளியூரில் இருந்தால் கையெழுத்திட்ட கடிதம் வேண்டும். இறந்திருந்தால் அவருடைய மனைவியோ கணவரோ போடலாம்.

கூட்டம் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் தாமான் மண்டபத்தில் நடந்தது. அன்று மழை பெய்தது என்று சிலர் சொல்கிறார்கள். மழை மறுநாள்தான் பெய்தது. அன்று புழுக்கம்.

வீட்டு வரிசைப்படி பெயர்களை வாசித்தேன். "குழந்தைவேலு" என்று வாசித்ததும், "ஆள் இருக்கு" என்று ஒரு குரல் வந்தது.

குணசுந்தரியின் குரல். யோசித்துச் சொன்னது போலத் தெரியவில்லை. பெரட்டுக் களத்தில் வாசித்த அதே குரலில் நான் வாசித்தேன். அங்கே வந்த அதே பதில் வந்தது. புஷ்பவள்ளி தலையைக் குனிந்துகொண்டார். நான் அடுத்த பெயருக்குப் போனேன்.

பேச்சைத் தொடங்கியவர் யோகேந்திரன். ஹைடெக் பூங்காவில் இரவு ஷிப்ட் பார்க்கும் இளைஞர். கடன் எடுத்துப் புதிதாக வீடு வாங்கியவர்.

"சம்பளம் ஏறல, சாமான் விலை மட்டும் ஏறுது. இதுல வரியும் ஏறணுமா லா? லோன் கட்டவா, வரி கட்டவா?"

"கால்வாய அள்ளலன்னா டெங்கி வரும் தம்பி," என்றார் தாதியாக இருந்து ஓய்வுபெற்ற உமாராணி. "ஆஸ்பத்திரியில கட்டில் இல்லாம நிக்கும்போது, மிச்சம் பிடிச்ச டுவிட்டுக் காச எண்ணிக்கிட்டு நில்லு."

"அக்கா, புல்லு நானே வெட்டுறேன். மெஷின் இருக்கு."

"உன் வீட்டு வாசப் புல்லே முழங்காலுக்கு வந்துருச்சு. அதுல பாம்பு குடும்பம் நடத்துது. நீ எங்களுக்கு வெட்டப் போறியா?" என்றார் புஷ்பவள்ளி. மண்டபமே சிரித்தது.

யோகேந்திரனும் சிரித்தார். "சரி, தோத்துட்டேன். ஆனா லைட்டு? பின்சந்துல யாரு நடக்குறா? பூனைக்கு எதுக்கு லைட்டு?"

அதற்கு யாரும் சிரிக்கவில்லை. குணசுந்தரி முழங்கையில் காய்ந்திருந்த தேங்காய்ப்பூவை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

மலாய்க்காரர்களும் சீனர்களும் பேசினார்கள். பாதி விளக்குகளையாவது எரியவிடக் கேட்கலாமே என்றார் ஒருவர். கடிதத்தில் அதற்கு இடமில்லை என்று நான் படித்துக் காட்டினேன். கடைசியில், வரியைக் கூட்டலாம் என்பவர்கள் ஜன்னல் பக்கமும், வேண்டாம் என்பவர்கள் கதவுப் பக்கமும் நிற்பது என்று முடிவாயிற்று.

குணசுந்தரி ஜன்னல் பக்கம் போய் நின்றார். பலருக்கு ஆச்சரியம். வரி கூடினால் அங்கே நின்றவர்களில் மிகவும் சிரமப்படப் போவது அவர்தான்.

எண்ணினேன். ஜன்னல் பக்கம் பத்தொன்பது, கதவுப் பக்கம் பதினெட்டு.

"அங்கிள், ஒரு நிமிஷம்," என்றார் யோகேந்திரன். "உரிமையாளர்தானே ஓட்டுப் போடலாம்னு படிச்சீங்க? ஆன்ட்டி வீடு குழந்தைவேலு அங்கிள் பேருல இருக்கு. அங்கிள்..." சொல்லி முடிக்கவில்லை. முகம் மாறிவிட்டது. "நான் அந்த அர்த்தத்துல கேக்கல ஆன்ட்டி."

"பரவால்ல தம்பி," என்றார் குணசுந்தரி. பிறகு என்னைப் பார்த்தார். "என்ன செய்யணும் ஐயா?"

விதியை மறுபடி படித்தேன். கடிதம் இருக்க வேண்டும். இல்லையென்றால் உரிமையாளர் இறந்தவராக இருக்க வேண்டும்.

"கடிதத்துக்கு நான் எங்க போவேன்?" என் கையிலிருந்த கடிதத்தைப் பார்த்தார். "அவரு வருவாருன்னு எழுதினா?"

"ஓட்டு செல்லாது. ரெண்டு பக்கமும் சமமாகி விளக்கு அணைஞ்சிடும்."

"இல்லன்னு எழுதினா?"

"எரியும்."

"அவரு வர்றதுக்குத்தான ஐயா அந்த லைட்டே."

புஷ்பவள்ளி அவர் கையைப் பிடித்து, "விடு குணா. என் வீட்டுப் பின்னால ஒரு பல்பு மாட்டிக்குவோம்," என்றார்.

"உன் வீட்டு வெளிச்சத்துல வந்தா உன் வீட்டுக்குல்ல போவாரு," என்றார் குணசுந்தரி. பிறகு என் பக்கம் திரும்பினார். "எழுதிக்குங்க."

"நீங்க வாயால சொன்னாத்தான் எழுத முடியும்மா."

அவர் ஜன்னலைப் பார்த்தார். அங்கிருந்து பார்த்தால் கடைசி வரிசையின் பின்சந்து தெரியும். சந்தில் யாருக்கோ கேட்டுவிடக் கூடாது என்பதுபோல மிகவும் தணிந்த குரலில் சொன்னார்.

"செத்துட்டாரு."

எழுதினேன். எழுதி முடித்து நிமிர்ந்தபோது யோகேந்திரன் கதவுப் பக்கத்திலிருந்து நடந்து வந்து ஜன்னல் பக்கம் நின்றிருந்தார். கண்கள் சிவந்திருந்தன. அவர் வந்த பிறகு குணசுந்தரியின் ஓட்டு தேவைப்படவில்லை. அந்தச் சொல்லும் தேவைப்பட்டிருக்காது. ஆனால் அது சொல்லியாகிவிட்டது.

வரி கூடியது. விளக்கு எரிகிறது.

இரண்டு வாரம் கழித்துப் புஷ்பவள்ளி என் வீட்டுக்கு வந்தார். "ஐயா, அவ இப்ப பின்கதவத் தாழ்ப்பாள் போட்டுப் பூட்டே போட்டுட்டா. துணியக்கூட முன்னால காயப்போடுறா. ஏண்டின்னு கேட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"அவரு வந்துட்டா நான் என்ன பதில் சொல்றதுன்னு கேக்குறா."

அதன்பிறகு ஒரு நாள் சந்து வழியாகப் போனேன். விளக்கு வெளிச்சம் அவர் கம்பிக் கதவிலும் பூட்டிலும் விழுந்தது. உள்ளே ஜன்னலில் கெட்டியான போர்வை ஒன்றை மாட்டியிருந்தார். மற்ற எல்லாப் பின்பக்கங்களும் இருட்டிலும் ஒன்றுபோலத் தெரிந்தன. அந்த ஒரு வீடு மட்டும், யாரும் தவறவிட முடியாதபடி, வெளிச்சத்தில் நின்றது.

அடுத்த கூட்டத்தில் பெயர்ப்பட்டியல் மாறியிருந்தது. வரிசைப்படி வாசித்துக்கொண்டு வந்து, அந்த இடத்தில், "குணசுந்தரி" என்றேன்.

முன் நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். பதில் சொல்லவில்லை. அவர் வேறொரு பெயருக்காகக் காத்திருப்பது எனக்குத் தெரிந்தது. மறுபடி வாசித்தேன். அவர் கண்கள் ஜன்னல் பக்கமே இருந்தன.

பின் வரிசையில் புஷ்பவள்ளி எழுந்து நின்றார்.

"ஆள் இருக்கு, ஐயா."

வந்தவர் என்று பதிந்துகொண்டு அடுத்த பெயரை வாசித்தேன்.