வம்புக்கு இழுப்பவர்

ஜெனிஸ்டன் கட்டிலருகே வந்ததும் முதலில் ஒரு பொய் சொல்வார். ஓய்வுபெற்ற பேக்கரிக்காரரிடம், "இப்ப சூப்பர்மார்க்கெட் பாண்தான் திறம்" என்பார். கொலோன் உதைபந்தாட்ட அணியின் கழுத்துத் துண்டைத் தலையணைக்கடியில் வைத்திருக்கும் முதியவரிடம், "உங்கடை ஆக்கள் இந்த முறையும் கீழைதான் இறங்குவினம்" என்பார். அவர் சொல்வது ஜெர்மன் மொழியில். எங்களுக்குச் சொல்லிக் காட்டும்போது எல்லாம் யாழ்ப்பாணத் தமிழாகிவிடும். முதியவர் சினந்து வாயைத் திறக்கிற நேரத்தில் கண்ணில் சிறு விளக்கை அடித்து, பாவை சுருங்குகிறதா என்று பார்த்து, நன்றி சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார்.

ஜெர்மனியின் பான் நகரத்தில் ஒரு மருத்துவமனையில், மூளையைச் சுற்றி இரத்தம் கசிந்தவர்களை வைத்துப் பார்க்கும் பிரிவில் அவர் தாதி. இங்கேயே வளர்ந்தவர். கட்டையான உருவம், எப்போதும் ஒட்ட வெட்டிய நகங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ்ப் பிள்ளைகளின் உதைபந்தாட்டத்துக்கு நடுவராக நிற்பார். அங்கே யாராவது எதிர்த்து ஒரு சொல் சொன்னால் மஞ்சள் அட்டை. "மைதானத்திலை வாய் காட்டக் கூடாது. வாய் காட்டுறதெண்டால் என்ரை வார்டுக்கு வாங்கோ" என்று ஒரு தகப்பனிடம் சொல்லியிருக்கிறார். அந்தத் தகப்பன் இன்னும் அவரோடு பேசுவதில்லை.

நோயாளியின் நினைவு தெளிவாக இருக்கிறதா என்று பார்க்க அங்கே வழக்கமான கேள்விகள் உண்டு. இது என்ன மாதம், இது எந்த ஊர், நாட்டை ஆளும் சான்சலர் யார். கடைசிக் கேள்வியை ஜெனிஸ்டன் கேட்பதேயில்லை. "என்ரை அம்மா வந்த நாளிலையிருந்து சான்சலர் ஆரெண்டு அவவுக்குத் தெரியாது. மூளையிலை ஒரு பிழையும் இல்லை. அயலுக்குள்ளை ஆர் ஆரோடை கோபமெண்டு கேளுங்கோ, முழுக்கச் சொல்லுவா."

ஆகவே புதிதாக ஒருவர் வந்து சேர்ந்தால் வீட்டாரைத் தனியாகக் கூப்பிட்டு ஒன்றே ஒன்று கேட்பார்: "இவருக்கு எதிலை கோபம் வரும்?" வீட்டார் முதலில் கூச்சப்படுவார்கள். பிறகு ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு சொல்வார்கள். அவருடைய கணக்கு எளிமையானது. "ஓமெண்டு சொல்ல மூளை தேவையில்லை. என்ரை அப்பா இந்த நாட்டிலை எல்லா ஒஃபிசிலையும் 'யா, யா' எண்டுதான் சொன்னவர். ஒண்டும் விளங்கேல்லை. இல்லையெண்டு சொல்லத்தான் மூளை வேணும்."

இந்த வசந்தத்தில் அராபா என்ற பெண் வந்தார். கானா நாட்டின் கேப் கோஸ்டில் பிறந்தவர், பானில் டிராம் ஓட்டுபவர், ஐம்பதை நெருங்கியவர். தேவாலயத்தில் ஆராதனை முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது பின்னந்தலையில் உலக்கையால் இடித்ததுபோல ஒரு வலி. அவர் சத்தம் போடவில்லை. மிச்ச நாற்காலிகளையும் அடுக்கிவிட்டு நடந்தே வீட்டுக்குப் போனார். அவசரத்துக்குத் திறந்திருந்த ஒரு மருத்துவ நிலையத்துக்குப் போனபோது, இரத்த அழுத்தம் கூடியிருக்கிறது, படுத்து ஓய்வெடுங்கள் என்று மாத்திரை தந்து அனுப்பிவிட்டார்கள். மறுநாள் குளியலறையில் விழுந்த பிறகுதான் ஸ்கான் எடுத்தார்கள். மூளைக்குப் போகும் இரத்த நாளமொன்றில் சைக்கிள் டியூப்பின் புடைப்புப்போல ஒரு வீக்கம் இருந்து வெடித்திருந்தது.

ஜெனிஸ்டனுக்கு அந்த முதல் மாத்திரை ஆறவேயில்லை. "கத்தினால், வெளிநாட்டாக்கள் சும்மா கத்துவினம் எண்டுறது. கத்தாட்டி, வருத்தம் இல்லை எண்டுறது. அப்ப எந்த அளவிலைதான் கத்திறது?"

பிரிவின் மருத்துவர் வசுந்தரா, கோயம்புத்தூர்க்காரர். அராபாவின் கணவர் க்வாமெனாவிடம் அவர் குடும்ப விவரம் கேட்டபோது, அராபாவின் அக்கா சந்தையில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை என்று தெரிந்தது. ஊரில் அதை மலேரியா என்று சொல்லிப் புதைத்தார்கள். பயிற்சிக்கு வந்திருந்த ஓர் இளைஞர், ஆப்பிரிக்கர்களுக்கு இந்த நோய் அரிது என்று பழைய புத்தகத்தில் படித்ததாகச் சொன்னார். "அக்காவுக்கு யார் ஸ்கேன் எடுத்தாங்க? எடுக்காதவங்க எந்தக் கணக்குல வருவாங்க?" என்றார் வசுந்தரா. இளைஞர் க்வாமெனாவின் பக்கம் திரும்பி, அக்காவுக்கு அப்போது என்ன வயது என்று கேட்டார்.

தொடை வழியாக மெல்லிய குழாய் செலுத்தி வெடித்த இடத்தை அடைத்தார்கள். ஆனால் ஆபத்து அதோடு தீர்வதில்லை. வெளியே கசிந்த இரத்தம் பட்டு மற்ற நாளங்கள் மெல்லச் சுருங்கத் தொடங்கலாம். சுருங்கினால், அவை ஊட்டும் மூளைப் பகுதி காய்ந்துபோகும். அந்த இரண்டு வாரமும் தாதிகள் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

அராபாவுக்கு எதில் கோபம் வரும் என்பதற்கு க்வாமெனா யோசிக்கவேயில்லை. "கென்கே" என்றார். புளித்த சோளமாவை அவித்துச் செய்யும் கட்டி அது. அராபாவின் ஊர்ப்பக்கம் அதை வாழையிலையில் பொதிவார்கள், தலைநகர்ப் பக்கம் சோளத் தோகையில்.

"தோகையிலை சுத்தினதுதான் ருசியாம், எல்லாரும் சொல்லுகினம்" என்று தொடங்கினார் ஜெனிஸ்டன்.

"குவாட்ஷ்!" என்றார் அராபா. ஜெர்மனில் அதற்கு அபத்தம் என்று பொருள். "தோகையை மாட்டுக்குப் போடு."

ஒவ்வொரு முறையும் பதில் காரமானது. ஒரு நாள், "என் டிராமில் ஏற வா, உன் மூக்கு உள்ளே வரும்போது கதவைச் சாத்துகிறேன்" என்றார். ஜெனிஸ்டன் அன்று முழுக்க மூக்கைத் தடவிக்கொண்டு திரிந்தார்.

இரண்டாம் வாரத்தில் ஒரு மதியம், உணவுத் தட்டுகளை எடுத்துப் போன பிறகு, அராபா மாதத்தைச் சரியாகச் சொன்னார். இரு கைகளாலும் ஜெனிஸ்டனின் விரல்களை இறுக்கினார். நீட்டிய கைகள் தாழவில்லை. ஜெனிஸ்டன் கென்கே பேச்சை எடுத்தார்.

"யா, யா" என்று அராபா சிரித்தார்.

ஜெனிஸ்டன் மறுபடி சொன்னார், இன்னும் மோசமாக. அராபா இன்னும் இனிமையாகச் சிரித்தார்.

ஜெனிஸ்டன் நேரே வசுந்தராவிடம் போனார். "அக்கா, ஒருக்கா வாங்கோ. அவ எனக்கு ஓமெண்டு சொல்லுறா."

"மறுபடியுமா ஜெனிஸ்டன்? நினைவு ஸ்கோர் எவ்வளவு?"

"முழுசா இருக்கு."

"போன மாசம் அந்த லாரி டிரைவரும் ஓம்னுதான் சொன்னார். இத்தனை ஒயரோட கீழ கொண்டுபோய், சாய மருந்து ஏத்தி ஸ்கேன் எடுத்தோம். ஒண்ணுமில்ல. உங்க தொல்லை தாங்காம தலையாட்டியிருக்கார்."

"அது பிழைச்சுப்போச்சு, ஒத்துக்கொள்ளுறன். இண்டைக்கும் பிழைச்சா எல்லாருக்கும் முன்னாலை திட்டுங்கோ."

வசுந்தரா எழுந்து வந்தார். தாமே தோகையைப் புகழ்ந்து பார்த்தார். அராபா தலையாட்டினார். அப்போதுதான் உள்ளே வந்த க்வாமெனாவை அவர்கள் மொழியில் சொல்லச் சொன்னார். அவர் சொன்னார். அராபா அவருடைய கன்னத்தைத் தட்டிக் கொடுத்தார். க்வாமெனா கையிலிருந்த பூவோடு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"ஸ்கேனுக்குச் சொல்லுங்க," என்றார் வசுந்தரா. "உடனே."

இடப்பக்கத்து நாளமொன்று நூலாக மெலிந்திருந்தது. ஸ்கான் மேசையிலேயே வலது கை சோரத் தொடங்கியது. குழாயை மறுபடி செலுத்தி நாளத்துக்குள் மருந்து விட்டார்கள்.

ஜெனிஸ்டனின் வேலை நேரம் முடிந்திருந்தது. உடை மாற்றிக்கொண்டு வந்து க்வாமெனாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். பயப்படாதேங்கோ என்று அவர் யாருக்கும் சொல்வதில்லை. நெடுநேரம் கழித்து க்வாமெனா கேட்டார், "தோகையில் சுற்றியதை நீ தின்றிருக்கிறாயா?"

"இல்லை. ரெண்டையும் கண்ணாலையே காணேல்லை."

க்வாமெனா சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு நடுவிலேயே அழுகையாகிவிட்டது. ஜெனிஸ்டன் அவருடைய முதுகில் கையை வைத்தபடி கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் அராபா கண் திறக்கவில்லை. அதற்கடுத்த நாள் திறந்தார். பேச்சு வரவில்லை. என்ன மாதம் என்று கேட்டதற்கு உதடு அசைந்தது, ஒலி இல்லை. வலது கை போர்வைமேல் வைத்த இடத்திலேயே கிடந்தது. ஜெனிஸ்டன் விளக்கை அடித்துக் கண்களைப் பார்த்தார். பிறகு காதருகே குனிந்து, சோளத் தோகையைப் பற்றி மெதுவாகச் சொன்னார்.

அராபாவின் புருவம் சுருங்கியது. வலது கையின் விரல்கள் ஒவ்வொன்றாகப் போர்வையைக் கடந்து வந்து ஜெனிஸ்டனின் சட்டையின் ஓரத்தைப் பற்றின. பற்றி, பலம் போதாமல், கீழே இழுத்தன. முகத்துக்கு நேரே முகம் வந்ததும் அராபா தலையை இடமும் வலமுமாக, மறுப்பாக, ஒருமுறை அசைத்தார். இன்னும் இழுக்கப் பார்த்தார். ஜெனிஸ்டன் நிமிரவில்லை. அந்தக் கைக்கு எட்டும்படி இன்னும் கொஞ்சம் குனிந்துகொடுத்தார்.